பதினைந்தாவது தொப்பி

ஜூன் 1, ஞாயிறு

தீயணைப்புக் குடுவை விற்கிற கம்பெனிக்காரன் ஜனவரியில் கொடுத்த டைரி. இத்தனை நாள் சமையல் மேடையில் கிடந்தது. முதல் பக்கத்தில் பெயர், தொழில், இரத்த வகை கேட்டிருக்கிறார்கள். தமயந்தி. பாதுகாப்பு அலுவலர், ஓட்டல் பூரணம், திருக்கடையூர். ஓ பாசிட்டிவ்.

இன்று மாதப் பயிற்சி. காலை பத்து மணிக்கு அபாய மணி அடித்தேன். நாற்பத்தாறு அறைகளும் காலியாக நான்கு நிமிடம் பத்து விநாடி ஆனது. கடைசியாக வந்தவர் 110-காரர். கையில் காபி டம்ளர். நிஜத் தீயாக இருந்தால் என்ன செய்திருப்பீர்கள் என்று கேட்டேன். "ஆறிப்போயிருக்கும்மா, அதான் குடிச்சிட்டு வந்தேன்" என்றார். இவர்களை எல்லாம் காப்பாற்றத்தான் எனக்குச் சம்பளம்.

மேனேஜர் தேவசகாயம் பதிவேட்டை எட்டிப் பார்த்தார். "நாலு பத்துன்னு போடாதீங்க மேடம். மூணு அம்பதுன்னு போடுங்க, பார்க்க நல்லாருக்கும்" என்றார். நடந்ததைத்தான் எழுதுவேன் சார் என்றேன். பத்து வருஷமாக இதே பேச்சு, இதே பதில். அவருக்கும் அலுக்கவில்லை, எனக்கும் அலுக்கவில்லை.

மாலை கிரைண்டரில் மாவு ஆட்டினேன். உளுந்து போதவில்லை.

ஜூன் 2, திங்கள்

நாளை ஹாலில் இரண்டு அறுபதாம் கல்யாணம், நடுவில் ஒரு எண்பது. தொப்பிகளை எண்ணி எடுத்து வைத்தேன்.

வெளியூர்க்காரர்களுக்குச் சொன்னால் சிரிப்பார்கள். எங்கள் ஊருக்கு வருகிறவர்கள் எல்லாம் அறுபது, எழுபது, எண்பது முடிந்து திரும்பத் தாலி கட்டிக்கொள்ள வருகிறவர்கள். தினம் ஓமம். ஓமம் என்றால் புகை. புகை என்றால் ஹால் கூரையிலுள்ள பதினான்கு புகைக் கருவிகளும் அலறும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் சங்கல்பம் பாதியில் இருக்கும்போது மணி அடித்து, மாப்பிள்ளைத் தாத்தா பஞ்சகச்சத்தோடு வாசலுக்கு ஓடினார். அபாய மணியின் கட்டுப்பாட்டுப் பேனலில் ஹாலை மட்டும் தனியாக அணைக்க முடியாது. அணைத்தால் ஒரே இணைப்பிலுள்ள இரண்டாம் மாடி முழுவதும் சேர்ந்து அணைந்துவிடும். அதற்கு நான் கண்டுபிடித்த வழி, அறைகளில் தலை நனையாமல் குளிக்க வைக்கிறோமே, அந்தப் பிளாஸ்டிக் தொப்பி. கருவி ஒன்றுக்கு ஒன்று மாட்டிவிட்டால் புகை உள்ளே போகாது.

மாட்டுவது பெரிதில்லை. கழற்றுவதுதான் வேலை. அதனால் தொப்பிகளுக்குத் தனியாக ஒரு பதிவேடு. பக்கத்துக்கு எண் உண்டு, கிழிக்க முடியாது. ஏறியது 14, இறங்கியது 14, நேரம், கையெழுத்து. ஒன்று குறைந்தாலும் ஹாலைப் பூட்ட விடமாட்டேன். அறைகளில் ஓமம், சாம்பிராணி, கற்பூரம் எதுவும் கூடாது. அது விதி ஆறு. நான் எழுதி, ஒவ்வொரு கதவுக்குப் பின்னாலும் ஒட்டியிருக்கிறது.

ஜூன் 3, செவ்வாய்

லிஃப்ட் படுத்துவிட்டது, அதுவும் இன்றைக்குப் பார்த்து.

காலை 5.30-க்கு ஏறியது 14. முதல் கல்யாணம் 8.15-க்கு முடிந்தது, இரண்டாவது 11.30-க்கு. இறங்கியது 14. நடுவில் 207-இல் ஒரு சிக்கல். விருத்தாசலத்துப் பெரியவர், எண்பது முடிந்தவர், சக்கர நாற்காலி. கீழே ஹாலுக்கு இறக்க வழியில்லை. அவருடைய மகள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். சாஸ்திரிகள் வேறு, "நாலு பேர் நாற்காலியோட தூக்கினா அவருக்கு மூச்சு வாங்கறதும்மா. மாடியிலேயே சின்னதா பண்ணிடறேன். கால் மணி, அவ்வளவுதான்" என்றார்.

ஏற்பாடு செய்து கொடுத்தேன். மணி அடிக்கவில்லை. யாருக்கும் தொந்தரவு இல்லை. பெரியவர் நடுங்குகிற கையால் என் தலையில் அட்சதை போட்டார். அப்போதுதான் லிஃப்ட் மெக்கானிக் வந்துவிட்டான் என்று கீழேயிருந்து கூப்பிட்டார்கள். ஓடினேன்.

ஸ்டோரில் தொப்பி ஒன்று கூடுதலாக எடுத்தது. கிழிந்ததற்கு மாற்று என்று எழுதியாயிற்று.

ஜூன் 4, புதன்

207 காலி. காஸ் பதிவு செய்தேன். பிளவுஸ் இன்னும் தைக்கவில்லை என்கிறான் தையல்காரன், மூன்றாவது வாரம்.

ஜூன் 5, வியாழன்

207-க்குச் சேலத்திலிருந்து ஒரு தம்பதி. நாச்சிமுத்து, மனைவி பூங்கோதை. ஞாயிற்றுக்கிழமை அவருக்கு நட்சத்திரம், அன்றைக்கு அறுபதாம் கல்யாணம். மூன்று நாள் முன்னாலேயே வந்துவிட்டார்கள். அந்த அம்மாள் பையில் கரண்டு அடுப்பு வைத்திருந்ததை ரிசப்ஷனில் பார்த்துவிட்டு, அறையில் சமைக்கக் கூடாது என்றேன். "சமைக்கலீங்க. இவருக்கு ரசம் மட்டும் வெச்சுக் குடுப்பேன். வெளி ரசம் ஒத்துக்கறதில்லீங்க" என்றார். ரசம் சமையலில் சேராதாம். அடுப்பை ரிசப்ஷனில் கொடுத்துவிட்டுப் போகச் சொன்னேன். தலையாட்டினார், கொடுக்கவில்லை.

இரண்டாம் மாடி அறைகளைப் பார்த்துக்கொள்வது கலியபெருமாள். ஏழு வருஷமாக இருக்கிறான். என்னை மேடம் என்று கூப்பிடாமல் அக்கா என்று கூப்பிடுகிற ஒரே ஆள். புது ஆள் வருமுன் அறையைப் பார்த்துச் சீட்டில் டிக் போட வேண்டும். குழாய், மின்விசிறி, புகைக் கருவி, எல்லாம் டிக். சீட்டு ஒழுங்காக வந்தது.

ஜூன் 6, வெள்ளி

நேரங்கள் மட்டும்.

பிற்பகல் 3.12. இரண்டாம் மாடி வராந்தாவிலுள்ள கண்ணாடிப் பெட்டியை உடைத்து அபாய மணி அடிக்கப்பட்டது. உடைத்தது கலியபெருமாள். துண்டுகளோடு போகும்போது 207 கதவிடுக்கில் புகை வாடை.

3.13. பொதுச்சாவி போட்டுத் திறந்து பூங்கோதை அம்மாளை வெளியே தூக்கி வந்தான். கட்டிலில் தூங்கிக்கொண்டிருந்திருக்கிறார். கரண்டு அடுப்பு பக்கத்துக் கட்டில் மெத்தைமேல், அணைக்க மறந்து, மேலே துண்டு.

3.14. நான் இரண்டாம் மாடியில். மணி அடித்து ஒரு நிமிடம் ஐம்பது விநாடி. நல்ல நேரம்.

3.14 முதல் 3.18. மற்ற அறைகளைக் காலி செய்தேன். கலியபெருமாள் ஈரத்துண்டை முகத்தில் கட்டிக்கொண்டு குடுவையோடு உள்ளே போனான். மெத்தை பற்றியெரியவில்லை, கனன்று கனன்று புகைந்திருக்கிறது. அணைத்துவிட்டான்.

3.19. நான் 207-க்குள் போனேன். கூரை முழுக்கக் கரி. அவன் நாற்காலிமேல் நின்றிருந்தான். இறங்கு, புகையில் மேலே நிற்காதே என்றேன். கால்சட்டைப் பையில் எதையோ திணித்துக்கொண்டு இறங்கினான். என்னைப் பார்க்கவில்லை.

3.22 ஆம்புலன்ஸ். 3.31 தீயணைப்பு வண்டி, வேலை மிச்சமில்லை.

அறையின் கருவி தானாக அடிக்கவில்லை. எப்போது புகையத் தொடங்கியது என்று தெரியாது.

நாச்சிமுத்து கோயிலிலிருந்து பூத்தட்டோடு வந்தார். ஆம்புலன்ஸ் போய்விட்டிருந்தது. "என்னங்கம்மா, எந்த அறைங்க, எங்களுதா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். தட்டை எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே வைத்திருந்தார். நான் வாங்கி ரிசப்ஷன் மேசையில் வைத்தேன்.

ஜூன் 7, சனி

பூங்கோதை அம்மாள் தஞ்சாவூரில். தொண்டையில் குழாய் விட்டிருக்கிறார்கள்.

207-இல் கூரையெல்லாம் கறுப்பு, கருவி மட்டும் வெள்ளை வெளேரென்று இருக்கிறது. அதைச் சுற்றி ஒரு சாண் அகலத்துக்கு வட்டமாக வெள்ளை. பெயிண்டரை வரச் சொன்னேன். திங்கள்கிழமை வருகிறேன் என்றான். இன்றைக்கே வேண்டும் என்றேன். கரி பிடித்த அறையை ஓட்டலில் திறந்து போட முடியுமா? மாலைக்குள் இரண்டு கை அடித்து முடித்தான்.

ஜூன் 8, ஞாயிறு

ஹாலில் இன்று நாச்சிமுத்துவுக்கு இருந்த நேரம் காலியாகக் கிடந்தது. மற்ற கல்யாணத்துக்கு ஏறியது 14, இறங்கியது 14.

ஜூன் 9, திங்கள்

கருவி கம்பெனியிலிருந்து ஆள் வந்தார். 207 கருவிக்கு அடியில் சோதனைப் புகையைத் தெளித்தார். எட்டு விநாடியில் மணி. கருவியில் குறையே இல்லை என்றார். கழற்றி உள்ளே பார்த்தார். "அவ்வளவு புகையில இருந்த மாதிரியே தெரியலையே. கரியே இல்ல" என்றார். பிறகு பேனலிலிருந்து ஒரு காகிதம் எடுத்தார். வராந்தா மணி 3.12. 207 கருவி அடித்தது 3.18.

"வெளியில மணி அடிச்சு ஆறு நிமிஷம் கழிச்சு, தீ அணைஞ்ச பிறகு உள்ள அடிச்சிருக்கு. அதுவரைக்கும் எதையோ போட்டு மூடி வச்சிருந்திருக்காங்க சார். 3.18-க்குத்தான் எடுத்திருக்காங்க" என்றார் மேனேஜரிடம். கூரையை ஏன் இவ்வளவு சீக்கிரம் பூசினீர்கள் என்று என்னைக் கேட்டார். விருந்தாளிகள் பார்க்கக்கூடாதே என்றேன்.

3.18-க்கு அறையில் இருந்தது யார் என்று மேனேஜர் கேட்டார். எல்லோருக்கும் தெரியும், கலியபெருமாள். அவனுக்குப் பீடிப் பழக்கம் உண்டு என்பதும் எல்லோருக்கும் தெரியும். மதியம் காலியாக இருக்கிற அறையில் பீடி குடிக்க, மணி அடிக்காமல் இருக்கக் கருவியை மூடியிருப்பான், எடுக்க மறந்திருப்பான், தீ வந்ததும் பயந்துபோய் எடுத்திருப்பான். மேனேஜர் இரண்டு நிமிடத்தில் கதையை முடித்துவிட்டார். அவர் இவ்வளவு வேகமாக ஒரு காரியம் செய்து நான் பார்த்ததில்லை.

அவனைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். நான் மூடவில்லை சார் என்றான். அப்படியானால் என்ன எடுத்தாய்? பதில் இல்லை. டிக் போட்டாயே, மேலே பார்த்தாயா? பார்க்கவில்லை என்றான்.

"மேடம், நீங்க என்ன நினைக்கிறீங்க?" என்றார் மேனேஜர்.

சொல்வதற்கு ஒன்றுமில்லை என்றேன். கலியபெருமாள் அப்போது என்னைப் பார்த்தான். விசாரணை முடியும்வரை வேலைக்கு வரவேண்டாம், முடிந்ததும் நீக்கம், அந்த அம்மாள் பிழைத்தால் இதோடு போகும், இல்லாவிட்டால் போலீசிலும் எழுதிக் கொடுப்போம் என்று அனுப்பிவிட்டார்கள்.

துண்டுகள் எண்ணிக்கை சரி. தலையணை உறை மூன்று குறைகிறது.

ஜூன் 10, செவ்வாய்

மாவு புளித்துவிட்டது. கொட்டினேன்.

ஜூன் 13, வெள்ளி

ஓட்டல் சார்பாக ஆஸ்பத்திரிக்குப் போனேன். பழக்கூடை மேனேஜர் வாங்கிக் கொடுத்தது. குழாயை நேற்று எடுத்திருக்கிறார்கள். பிழைத்துக்கொண்டார். பேச்சு வரவில்லை, கண்ணால் சிரித்தார். அங்கிருந்த ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன்.

நாச்சிமுத்து வராந்தாவுக்குக் கூட்டிப்போனார். அடுத்த நட்சத்திரம் இருபத்தேழு நாள் கழித்து, ஜூலை ஐந்தாம் தேதி. அன்றைக்கு உங்கள் ஓட்டலிலேயே வைத்துக்கொள்கிறேன் என்றார். "எங்க ஆளுங்க வேற எடம் பாக்கலாம்னாங்க. நாந்தான் வேண்டாம்னுட்டேன். அவளத் தூக்கியாந்த தம்பி அங்கதான இருக்காப்ல. கலசத் தண்ணி ஊத்தறப்ப மொதக் கொடம் அந்தத் தம்பி கையால ஊத்தோணுங்க. பேரென்னங்க?"

கலியபெருமாள் என்றேன். வேலையில் இல்லை என்று சொல்லவில்லை.

ஜூன் 15, ஞாயிறு

எழுதிவிடுகிறேன். இதைப் படிக்க யாரும் இல்லை.

3ஆம் தேதி காலை 9.40-க்கு 207-இல் கருவிக்குத் தொப்பி மாட்டியது நான். நாற்காலி போட்டு ஏறி, என் கையால். பதினைந்தாவது தொப்பி. அறையில் ஓமம் கூடாது என்பது என் விதி, அதனால் பதிவேட்டில் எழுத முடியாது. எழுதாததால் எண்ணிக்கையில் வரவில்லை. லிஃப்ட்காரன் வந்தான் என்று ஓடினேன். மதியம் பதினான்கு எண்ணினேன், பதினான்கும் இருந்தது, நிம்மதியாக ஹாலைப் பூட்டினேன்.

6ஆம் தேதி 3.19-க்கு வாசலில் நின்று நாற்காலியைப் பார்த்தவுடனே எனக்குத் தெரியும். பெயிண்டரைக் கூப்பிட்டபோதும் தெரியும். சொல்வதற்கு ஒன்றுமில்லை என்று சொன்னபோதும் தெரியும்.

கலியபெருமாள் ஏன் வாய் திறக்கவில்லை என்பதுதான் தெரியவில்லை. நாளை மேனேஜரிடம் சொல்லிவிடுவேன்.

ஜூன் 16, திங்கள்

மேனேஜர் காரைக்கால் போயிருந்தார்.

ஜூன் 17, செவ்வாய்

குடுவைகளின் தேதி பார்க்கும் நாள். முப்பத்தெட்டு குடுவை. நேரமில்லை.

ஜூன் 19, வியாழன்

மேனேஜர் இருந்தார். அவர் மாமியாருக்கு உடம்பு சரியில்லையாம், முகமே சரியில்லை. இன்றைக்கு வேண்டாம் என்று விட்டுவிட்டேன். பிளவுஸ் வந்தது. கை இறுக்கம்.

ஜூன் 20, வெள்ளி

ஏறியது 14, இறங்கியது 14. மூன்று தடவை எண்ணினேன். தொப்பி கழற்றிக் கொடுக்கிற எலெக்ட்ரீஷியன் சிரித்தான்.

ஜூன் 22, ஞாயிறு

கலியபெருமாள் வீட்டுக்குப் போனேன். ஆக்கூர் பக்கம், வாய்க்கால் ஓரம். அவன் மனைவி, இறால் குட்டையில் கூலிக்குப் போயிருக்கிறார், இப்போது வந்துவிடுவார் என்றாள். என்னை உட்காரச் சொல்லவில்லை. நின்றேன்.

சேறு காயாத காலோடு வந்தான். "வாங்கக்கா" என்றான். மனைவியைப் பார்த்து நாற்காலி எடுத்துப் போடச் சொன்னான். அவள் போட்டாள்.

எப்படிப் பேச்சை எடுப்பது என்று பஸ்ஸில் யோசித்து வைத்திருந்ததெல்லாம் போய்விட்டது. "நீ எடுத்தது எங்கே இருக்கு?" என்று கேட்டுவிட்டேன்.

உள்ளே போய் ஒரு பிளாஸ்டிக் டப்பாவைக் கொண்டுவந்தான். திறந்து காட்டினான். தொப்பி, வெளிப்பக்கம் கரி, உள்பக்கம் சுத்தம். ஒரு ஓரம் சுருங்கியிருந்தது. நான் கை நீட்டினேன். டப்பாவை மூடிவிட்டான்.

"ஏன் எடுத்தே?"

"மேல பார்த்தேன், தெரிஞ்சுபோச்சு. இந்த ஓட்டல்ல கருவிக்குத் தொப்பி மாட்டுற ஆளு ஒருத்தர்தானே. ஃபயர் சர்வீஸ் வந்து பார்த்தா அக்கா வேலை போயிடும்னு கை தானா போச்சு. யோசிக்கல."

"அப்புறம் ஏன் சொல்லலை?"

"நான் சொன்னா நம்புவாங்களா? நீயே மாட்டுனே, நீயே எடுத்தேன்னுதான் சொல்லுவாங்க. மறுநாள் நீங்களே சொல்லிடுவீங்கன்னு நெனச்சேன். பெயிண்டரைக் கூப்பிட்டீங்கன்னு கேள்விப்பட்டேன். சரி, விசாரணையில சொல்லுவீங்கன்னு நெனச்சேன். உங்களையே பார்த்துக்கிட்டு நின்னேன். பதினாறு நாளாச்சுக்கா."

வெட்கமாக இருந்தது. அவன் மனைவி கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

"நான் ஒண்ணும் யோக்கியன் இல்ல" என்றான் அவனே. "டிக் போட்டேன், மேல பார்க்கல. தலையைத் தூக்கிப் பார்த்திருந்தா அஞ்சாந்தேதியே தெரிஞ்சிருக்கும். அது என் தப்பு, அதைச் சொல்லிட்டேன். உங்க தப்பை நான் சொல்லமாட்டேன். அது நீங்க சொல்ல வேண்டியது."

தொப்பியைக் கொடு, நான் மேனேஜரிடம் காட்டுகிறேன் என்றேன்.

"மேனேஜர் கேட்டா கொடுக்குறேன்" என்றான். என்னிடம் கொடுக்க அவனுக்குத் தைரியம் இல்லை. நியாயம்தான். என்னிடம் கொடுத்தால் அதுவும் பூசிய கூரையாகிவிடும் என்று நினைத்திருப்பான்.

டீ போட்டுக் கொடுத்தாள். குடித்துவிட்டு வந்தேன்.

ஜூன் 23, திங்கள்

காலை 9.05. மேனேஜரிடம் சொன்னேன். நின்றபடியே, முதலிலிருந்து கடைசிவரை. மாமியாருக்கு இன்னும் உடம்பு சரியில்லையாம், இருந்தாலும் சொன்னேன்.

அவர் எழுந்து கதவைச் சாத்தினார். "மேடம், உட்காருங்க. இது நம்ம ரெண்டு பேருக்குள்ள இருக்கட்டும். ரூம் பாய் தப்பு பண்ணினா ரூம் பாய் போவான், அதோட முடிஞ்சுது. பாதுகாப்பு அலுவலரே பண்ணினாங்கன்னா ஓட்டல் லைசென்சே போயிடும். அடுத்த மாசம் புதுப்பிக்கணும், தெரியும்ல? அவனுக்கு வேற எங்கயாவது சொல்லி ஒரு வேலை வாங்கிக் கொடுத்திடுவோம்."

பிறகு தணிந்த குரலில், "பத்து வருஷமா நீங்க எழுதின ஒவ்வொரு நேரமும் சரியான நேரம். அந்தப் பேர் இருக்கு உங்களுக்கு. எதுக்குக் கெடுத்துக்கறீங்க?" என்றார்.

உண்மையைச் சொல்கிறேன், ஒரு நிமிடம் ஆசையாகத்தான் இருந்தது. சரி சார் என்று சொல்லிவிட்டு வெளியே வந்தால் யாருக்கும் தெரியப்போவதில்லை. நான் சொல்லிவிட்டேன், அவர்தான் வேண்டாம் என்றார் என்று காலம் பூராவும் எனக்கு நானே சொல்லிக்கொள்ளலாம்.

என் அறைக்கு வந்தேன். தொப்பிப் பதிவேட்டை எடுத்தேன். லைசென்ஸ் அதிகாரி வந்தால் முதலில் கேட்பது அதைத்தான். 3ஆம் தேதிக்குக் கீழே இடம் இல்லை, அதனால் இன்றைய தேதியில் எழுதினேன். மையில்.

"ஜூன் 3 பதிவில் விடுபட்டது. அறை 207, தொப்பி 1. ஏற்றியது ஜூன் 3 காலை 9.40, தமயந்தி. இறக்கியது ஜூன் 6 பிற்பகல் 3.18, கலியபெருமாள். இடைப்பட்ட காலம் மூன்று நாள் ஐந்து மணி முப்பத்தெட்டு நிமிடம். இக்காலத்தில் அறைக் கருவி செயல்படவில்லை. விபத்து நேர்ந்தது. இறக்கப்பட்ட தொப்பி கலியபெருமாளிடம் உள்ளது. கூரையை மறுநாளே பூசச் சொன்னது நான்."

கையெழுத்துப் போட்டேன். 9.50. பக்கத்தைப் போனில் படம் எடுத்து ஓட்டல் முதலாளிக்கும், கருவி கம்பெனிக்காரருக்கும், தீயணைப்பு நிலையத்துக்கும் அனுப்பினேன். பிறகு பதிவேட்டைக் கொண்டுபோய் மேனேஜர் மேசையில் வைத்தேன். அவர் படித்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றி நெடுநேரம் துடைத்தார்.

ஜூன் 25, புதன்

முதலாளி சென்னையிலிருந்து வந்தார். மாதக் கடைசியோடு நான் விலகிக்கொள்ள வேண்டும். தீயணைப்புத் துறையிலிருந்து விசாரணைக்கு வரச் சொல்லிக் கடிதம் வரும். லைசென்ஸ் என்ன ஆகும் என்று தெரியவில்லை. கலியபெருமாளை வரச் சொல்லியிருக்கிறார்கள். டிக் போட்டதற்கு எச்சரிக்கைக் கடிதம், வேலை உண்டு. தொப்பியை டப்பாவோடு கொண்டுவந்து மேனேஜரிடம் கொடுத்தான்.

ஜூன் 27, வெள்ளி

நாச்சிமுத்து தம்பதி ஐந்தாம் தேதிவரை மாயவரத்தில் சொந்தக்காரர் வீட்டில் இருக்கிறார்கள். போனேன். வாசலிலேயே நின்று அவரிடம் சொன்னேன். இதை வேறு யார் வாயிலும் அவர் கேட்கக்கூடாது.

கேட்டு முடித்துவிட்டு, "மணி அடிச்சிருந்தா எத்தன நிமிசத்துல வந்திருப்பீங்க?" என்றார்.

இரண்டு நிமிடம் என்றேன்.

"அப்ப அவ ஆறு நாளு கொழாய மாட்டிக்கிட்டுக் கெடந்திருக்க வேண்டியதில்லீங்க."

இல்லை என்றேன்.

உள்ளேயிருந்து ஒரு கரகரத்த குரல், "யாருங்க வந்திருக்கறது?" என்று கேட்டது. அந்த அம்மாளின் குரலை விபத்துக்குப் பிறகு இப்போதுதான் கேட்கிறேன். ரிசப்ஷனில் பேசிய குரல் இல்லை அது.

"ஓட்டல்ல இருந்து வந்திருக்காங்க" என்றார் அவர் உள்ளே பார்த்து. என் பக்கம் திரும்பி, மெதுவாக, "நீங்க வந்து சொன்னது சரிதானுங்க. ஆனா விசேசத்தன்னிக்கு நீங்க அங்க இருக்க வேண்டாம்" என்றார்.

சரிங்க என்றேன். பஸ் ஸ்டாண்டு வரை நடந்தே வந்தேன். அழுதேன். உளுந்து வாங்க வேண்டும் என்பது பஸ் ஏறிய பிறகுதான் நினைவு வந்தது.

ஜூன் 30, திங்கள்

சாவிக் கொத்து, ஸ்டாப் வாட்ச், பேனல் புத்தகம், தொப்பிப் பதிவேடு ஒப்படைத்தேன். புது ஆள் வரும்வரை தொப்பி வேலையைக் கலியபெருமாள் பார்ப்பானாம். எப்படி எண்ணுவது என்று நான் அவனுக்குச் சொல்லவில்லை. சொல்லும் தகுதியும் இல்லை.

ஜூலை 5, சனி

வீட்டிலேயே இருந்தேன். பீரோவை ஒழித்தேன். பழைய சீருடை நான்கு, இனி எதற்கென்று கத்தரித்துக் கைப்பிடித் துணியாக்கினேன்.

9 மணிக்கு ஓட்டல் பக்கமிருந்து நாதஸ்வரம் கேட்டது. ஜன்னலைத் திறந்து வைத்தேன். பத்தரைக்குக் கெட்டிமேளம். ஓமம், கலசம், சல்லடை, எல்லாம் எந்த வரிசையில் நடக்கும் என்று எனக்குத் தெரியும். முதல் குடம் இந்நேரம் ஊற்றியிருப்பான் என்று நினைத்துக்கொண்டே துணியை மடித்தேன்.

போனில் கலியபெருமாளிடமிருந்து செய்தி வந்தது. அவன் எனக்கு ஒருநாளும் செய்தி அனுப்பியதில்லை.

"அக்கா. ஏறியது 14. இறங்கியது 14. அப்புறம் 207-க்கும் போய் அண்ணாந்து பார்த்தேன். ஒண்ணும் இல்ல. கருவியில சின்ன விளக்கு மினுக்குது."

வந்த நேரம் 11.52. குறித்துக்கொண்டேன்.